பாம் ஷெல்டருக்குள் ரூட்டர், கடைசி அறையில் வைஃபை இல்லை: என்ன செய்யலாம்?

மார்ச் 2, இரவு 10.20
பொங்கோல்வாசி

சிங்கப்பூரில் பிடிஓ (முன்பதிவின்பேரில் அரசு கட்டித்தரும்) நாலறை வீடு: மூன்று படுக்கையறை, ஒரு கூடம். ஃபைபர் பாயிண்ட் பாம் ஷெல்டருக்குள். ஓஎன்டியும் (ஃபைபர் ஒளியைக் கம்பி இணைப்பாக மாற்றும் பெட்டி) ரூட்டரும் அங்கேயே தட்டில் இருக்கின்றன. திட்டம் 1 ஜிபிபிஎஸ், அதாவது 1000 எம்பிபிஎஸ். கூடத்தில் 400 எம்பிபிஎஸ் வருகிறது, மாஸ்டர் பெட்ரூமில் 12, கதவைச் சாத்தினால் அதுவும் இல்லை. கடையில் மூன்று பெட்டி மெஷ் (வைஃபையைத் தங்களுக்குள் கடத்திப் பரப்பும் பெட்டிகள்) வாங்கச் சொல்கிறார்கள். இணையச் சேவை விற்பவர் 10 ஜிபிபிஎஸ் திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார். எதைச் செய்ய?

மார்ச் 2, இரவு 11.05
செம்புக்கம்பி

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் தம்பி. திட்டத்தின் வேகம் என்பது ஓஎன்டி வரை வந்து சேரும் வேகம். அதற்குப் பிறகு உங்கள் சுவர்தான் கணக்கு. 1 ஜிபிபிஎஸ் போட்டு 12 கிடைக்கும் அறையில் 10 ஜிபிபிஎஸ் போட்டாலும் 12-தான் கிடைக்கும்.

ஷெல்டர் என்ன என்பதை நினைத்துப் பாருங்கள். 1997-இல் வந்த குடிமைத் தற்காப்பு உறைவிடச் சட்டத்தையொட்டிக் கட்டும் அறை அது. நாலு பக்கமும் மேலும் கீழும் கம்பி கட்டிய கான்கிரீட், வாசலில் இரும்புக் கதவு. குண்டுச் சிதறல் உள்ளே வராமல் இருக்கக் கட்டியது, அலை வெளியே போகாமலும் இருக்கும். கதவைத் திறந்து வைத்தால் அந்தத் திறப்பு வழியாக மட்டும் ஓரளவு கசியும். கூடத்தில் 400 வருவது அந்தக் கசிவுதான்.

மார்ச் 3, காலை 7.10
செம்புக்கம்பி

வாங்குமுன் அளங்கள். வேகச் சோதனை போதாது. அது அந்த நேரத்து இணைய நெரிசலையும் சேர்த்துக் காட்டும். வேண்டியது டிபிஎம் எண், அதாவது வைஃபை அலையின் வலிமை.

ஆண்ட்ராய்டில் வைஃபை அனலைசர் போன்ற செயலி எதுவும் சரி. ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியைப் போட்டு, அமைப்புகளில் அதன் வைஃபை ஸ்கேனரைத் திறந்துவிடுங்கள். மேக்கில் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தட்டினால் எண் தெரியும்.

எண்ணுக்கு முன் கழித்தல் குறி இருக்கும், பூஜ்யத்தை நெருங்கினால் நல்லது. -50 அருமை. -65 வரை எல்லாம் ஓடும். வீடியோ அழைப்பு தடங்கலில்லாமல் இருக்க -67 வேண்டும். -75 தாண்டினால் இழுபறி, -80-இல் கைப்பேசியில் வைஃபை கோடு தெரியும், தரவு நகராது. 3 குறைந்தால் சக்தி பாதி, 10 குறைந்தால் பத்தில் ஒன்று. எனவே -65-க்கும் -75-க்கும் உள்ள வித்தியாசம் சின்னதல்ல.

ஒவ்வொரு இடத்திலும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் தனித்தனியாகக் குறியுங்கள். கைப்பேசியை இடுப்புப் பையில் வைத்தபடி அளக்காதீர்கள், உடம்பும் அலையை உறிஞ்சும்.

மார்ச் 3, இரவு 9.40
பொங்கோல்வாசி

5 கிகாஹெர்ட்ஸ், ஷெல்டர் கதவு திறந்த நிலையில்: ஷெல்டர் வாசல் -41, சோபா -57, நடைவழி -68, நடு அறை -73, மாஸ்டர் பெட்ரூம் -82. கதவைச் சாத்தினால் சோபாவிலேயே -76.

மார்ச் 3, இரவு 10.15
செம்புக்கம்பி

கதவு ஒன்றே 19 டெசிபெல் தின்கிறது, கிட்டத்தட்ட எண்பதில் ஒரு பங்குதான் வெளியே வருகிறது. ஆக, முதல் வேலை அலை கிளம்பும் இடத்தை ஷெல்டரிலிருந்து வெளியே எடுப்பது.

ஃபைபர் பாயிண்ட் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அதைக் கழற்றி நகர்த்தக் கூடாது. அதிகாரபூர்வமாக இடம் மாற்றச் சேவை நிறுவனம் வழியாகக் கேட்கலாம், அதற்குக் கட்டணம் உண்டு. ஆனால் பாயிண்டிலிருந்து ஓஎன்டிக்கு வரும் சின்ன ஃபைபர் கயிற்றை மாற்றலாம். அது ஒரு மீட்டர் இருக்கும். அதற்குப் பதில் 10 அல்லது 15 மீட்டர் கயிறு வாங்கி, ஓஎன்டியையும் ரூட்டரையும் கூடத்து டிவி பலகைக்குக் கொண்டுவந்துவிடலாம். நீளத்தால் இழப்பு வருமோ என்று கவலை வேண்டாம், ஒற்றைமுறை ஃபைபரில் ஒரு கிலோமீட்டருக்கே அரை டெசிபெல்லுக்குக் கீழேதான்.

வாங்கும்போது இரண்டு முனையின் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனை சாய்வாகத் தேய்த்தது, நீல முனை நேராகத் தேய்த்தது. பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு நீலம். கலந்து சொருகினால் உள்ளே போகும், ஆனால் நடுவில் காற்று இடைவெளி விழுந்து இழப்பு ஏறும், ஓஎன்டியில் சிவப்பு விளக்கு எரியும். பழைய கயிற்றைக் கையில் கொண்டுபோய் அதே மாதிரி கேளுங்கள். மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் கிடைக்கும்.

முனையை விரலால் தொடாதீர்கள். தூசி பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணியால் ஒரே பக்கமாக ஒரு துடைப்பு. உள்ளே கண் வைத்துப் பார்க்கவே கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

ஷெல்டர் கதவிடுக்கில் கயிற்றை விடாதீர்கள் என்று சொல்ல வந்தேன், ஆனால் வேறு வழியும் இல்லை. ஷெல்டர் சுவரை ஊடுருவித் துளையிட அனுமதி கிடையாது. கதவு எப்போதும் திறந்தே இருக்கும் வீட்டில் கதவுச் சட்டத்தின் கீழ் மூலையில் விடலாம், அவசரத்துக்குக் கதவைச் சாத்தினால் கயிறு நசுங்கும். சாத்த வேண்டிய நேரத்தில் பிடுங்கி எடுக்கும்படி தளர்வாக விடுங்கள், ஒட்டி வைக்காதீர்கள்.

மார்ச் 4, மதியம் 1.30
யீஷூன் அக்கா

ஒரு கேள்வி கேட்காமல் கயிறு இழுக்கச் சொல்லிவிட்டீர்களே. தம்பி, உங்கள் வீடு புது பிடிஓ என்றால் கூடத்திலும் படுக்கையறைகளிலும் சுவரில் ஆர்ஜே-45 பாயிண்ட் (நெட்வொர்க் கம்பி சொருகும் இடம்) இருக்க வேண்டும். சுவிட்சுப் பலகைக்குப் பக்கத்தில் சதுர ஓட்டை, தொலைபேசி ஓட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. எட்டுப் பொன்னிறக் கம்பி உள்ளே தெரியும். அந்தக் கம்பிகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று பாருங்கள்.

மார்ச் 4, மாலை 6.55
பொங்கோல்வாசி

இருக்கிறது அக்கா. கூடத்தில் இரண்டு, மூன்று அறைகளிலும் ஒவ்வொன்று. ஷெல்டருக்குள் ஃபைபர் பாயிண்டுக்குப் பக்கத்தில் ஐந்து ஓட்டை உள்ள தகடு. இத்தனை நாளும் அதை யாரும் தொடவில்லை.

மார்ச் 4, இரவு 8.20
செம்புக்கம்பி

அக்கா சொன்னது சரி. நேற்று நான் எழுதியது பாயிண்ட் இல்லாத வீட்டுக்கு. உங்களுக்கு ஃபைபர் கயிறே தேவையில்லை. கம்பி சுவருக்குள் போட்டிருக்கும்போது மெஷ் பெட்டிகளைக் காற்றில் பேசவிடுவது பெரிய நஷ்டம்.

கூடத்தில் இரண்டு பாயிண்ட் இருப்பதுதான் உங்கள் அதிர்ஷ்டம். ஏன் என்று சொல்கிறேன். ஓஎன்டி ஷெல்டரிலேயே இருக்கட்டும். ஓஎன்டியின் லேன் (LAN) ஓட்டையிலிருந்து ஒரு கம்பி, தகட்டில் கூடம்-1-க்கு. கூடத்தில் அந்தப் பாயிண்டிலிருந்து ரூட்டரின் வான் (WAN, இணையம் உள்ளே வரும்) ஓட்டைக்கு. அங்கே ரூட்டர் இணையத்தை வாங்கி வீட்டுக்குள் பிரிக்கிறது. இப்போது ரூட்டரின் லேன் (வீட்டுக்குள் தரும்) ஓட்டை ஒன்றிலிருந்து கூடம்-2-க்கு. அது ஷெல்டருக்குத் திரும்பி வருகிறது. அங்கே ஐந்து ஓட்டை கிகாபிட் சுவிட்ச் (ஒரு நெட்வொர்க் கம்பியைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) ஒன்று வைத்து, கூடம்-2-ஐ அதில் சொருகி, மூன்று அறைகளின் கம்பிகளையும் அதே சுவிட்சில் சொருகுங்கள். போவது ஒரு கம்பி, திரும்புவது ஒரு கம்பி, அவ்வளவுதான்.

பெரும்பாலோர் இங்கேதான் தவறுகிறார்கள். ஓஎன்டியின் கம்பியை நேராக சுவிட்சில் சொருகி, எல்லா அறைக்கும் விட்டுவிடுவார்கள். சேவை நிறுவனம் பொதுவாக ஒரு வீட்டுக்கு ஒரு இணைய (ஐபி) முகவரிதான் தரும். முதலில் கேட்ட கருவி வாங்கிக்கொள்ளும், மற்றதெல்லாம் 'இணையம் இல்லை' என்று நிற்கும். இன்று டிவி ஓடும், நாளை மடிக்கணினி ஓடும், காரணம் பிடிபடாது. ஓஎன்டிக்கும் சுவிட்சுக்கும் நடுவே ரூட்டர் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த தவறு வளையம். கூடம்-1, கூடம்-2 இரண்டையும் சுவிட்சில் சொருகி, கூடத்திலும் இரண்டையும் ரூட்டரின் லேன் ஓட்டைகளில் சொருகினால் தரவுப் பொட்டலங்கள் சுற்றிச் சுற்றி வரும். சுவிட்சின் விளக்குகள் எல்லாம் ஒரே மாதிரி வெறித்தனமாகச் சிமிட்டும், வீடு முழுக்க இணையம் படுத்துவிடும். அப்படிக் கண்டால் ஒரு கம்பியைப் பிடுங்குங்கள்.

மார்ச் 4, இரவு 8.50
செம்புக்கம்பி

கூடத்தில் ஒரே பாயிண்ட் உள்ளவர்களுக்கு: ரூட்டரை ஷெல்டரிலேயே விட்டு, கூடத்திலும் அறையிலும் ஆக்சஸ் பாயிண்ட் (கம்பியில் வாங்கி வைஃபையாகத் தரும் பெட்டி) வையுங்கள். ஒரே கம்பியில் இரண்டு வழிப் போக்குவரத்தையும் விலான் (ஒரு கம்பியைத் தனித்தனி வலைகளாகப் பிரிக்கும் முறை) போட்டுப் பிரிக்கலாம், அதற்கு இரண்டு முனையிலும் மேனேஜ்டு சுவிட்ச் (அமைப்பை மாற்றக்கூடிய சுவிட்ச்) வேண்டும். தெரிந்தவர் செய்யலாம், முதல்முறை செய்பவருக்குச் சொல்ல மாட்டேன்.

மார்ச் 5, காலை 6.45
யீஷூன் அக்கா

சொருகுமுன் ஒவ்வொரு பாயிண்டையும் சோதியுங்கள். எட்டு விளக்குள்ள சின்ன கேபிள் டெஸ்டர், இரண்டு துண்டாக வரும். ஒன்றை ஷெல்டர் தகட்டில், மற்றதை அறையில் வைத்தால் 1 முதல் 8 வரை வரிசையாக எரிய வேண்டும். ஒன்று விடுபட்டால் அந்தக் கம்பி தொடவில்லை. வரிசை மாறினால் நிறம் மாற்றி அடித்திருக்கிறார்கள்.

டெஸ்டர் இல்லாமலும் ஒரு வழி உண்டு. மடிக்கணினியைச் சொருகி இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 என்று காட்ட வேண்டும். 100 என்று காட்டினால் நாலு ஜோடியில் ஏதோ ஒன்று போய்விட்டது. 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நாலும் வேண்டும்.

மார்ச் 5, இரவு 9.30
பொங்கோல்வாசி

மாஸ்டர் பெட்ரூம் மட்டும் 100. டெஸ்டரில் 7 எரியவில்லை. மற்ற நாலும் சரி.

மார்ச் 5, இரவு 10.00
யீஷூன் அக்கா

7, 8 என்பது பழுப்பு ஜோடி. 7 வெள்ளை-பழுப்பு, 8 பழுப்பு. அறைத் தகட்டின் இரண்டு திருகைக் கழற்றி, பின்னால் இருக்கும் ஜாக்கைப் பாருங்கள். வெள்ளை-பழுப்பு கம்பி பள்ளத்துக்குள் முழுதாக இறங்காமல் மேலே நிற்கும், பத்தில் எட்டு தடவை அதுதான் காரணம். பஞ்ச் டவுன் கருவி வைத்து ஒரே அழுத்து. கத்திப் பக்கம் வெளிப்புறம் இருக்க வேண்டும், உள்புறம் திருப்பிப் பிடித்தால் வேண்டிய கம்பியையே வெட்டிவிடும். திருப்புளி வைத்துக் குத்தாதீர்கள், பள்ளத்தின் இதழ் விரிந்து பிறகு எதுவும் பிடிக்காது.

அவிழ்த்து அடிக்க வேண்டியிருந்தால் ஜோடியின் முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள். ஜாக்கின் பக்கத்தில் ஏ, பி என இரண்டு நிற வரிசை அச்சிட்டிருக்கும். மறுமுனையில் எது இருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

மார்ச் 6, இரவு 9.15
பொங்கோல்வாசி

அதேதான். அழுத்தியதும் 1000. ரூட்டர் இப்போது கூடத்தில். சோபா -39, நடைவழி -54, நடு அறை -61. மாஸ்டர் பெட்ரூம் -74. இன்னும் ஒரு பெட்டி வேண்டும் போலிருக்கிறது. எங்கே வைக்க?

மார்ச் 6, இரவு 9.50
செம்புக்கம்பி

ஒன்றே போதும், மூன்று வேண்டாம். நாலறை வீட்டில் மூன்று பெட்டி வைத்தால் ஒன்றோடொன்று மோதும்.

கம்பியில் இணைக்கும் பெட்டியை, வேண்டிய அறையிலேயே வைக்கலாம். காற்றில் இணைக்கும் பெட்டியை அப்படி வைக்கக் கூடாது. அது தன்னிடம் வருவதைத்தான் திருப்பித் தரும். -80 கிடைக்கும் இடத்தில் வைத்தால் பக்கத்தில் நிற்கும் கைப்பேசியில் கோடு நிறைய இருக்கும், வேகம் இருக்காது. அதை -60 கிடைக்கும் இடத்தில், அறை வாசலுக்கு முன்னால் வைக்க வேண்டும். அதோடு, ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் தரும் பெட்டி வேகத்தைப் பாதியாக்கும். வைஃபை 6, 80 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனாவில் 1201 என்று இணைப்பு வேகம் காட்டினால், கைக்கு வருவது நல்ல நிலையிலேயே 600 முதல் 800. அதில் பாதி போனால் மீதி என்ன என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் எங்கே என்றால், கண்ணாடிக் கதவுள்ள அலமாரிக்குப் பின்னால் வேண்டாம். முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்புறப் பூச்சு உலோகம், அலை திரும்பிவிடும். மீன் தொட்டிக்குப் பக்கத்திலும் வேண்டாம், தண்ணீர் உறிஞ்சும். இடுப்பு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில். மூடிய டிவி பெட்டிக்குள் ரூட்டரை ஒளித்து வைத்தால் பார்க்க அழகுதான், நம் ஊர்ச் சூட்டில் சில்லு சூடேறி வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

அதே கம்பெனி, அதே குடும்பத்துப் பெட்டியாக வாங்குங்கள். டிபி-லிங்க் டெகோவை ஏசுஸ் ரூட்டரோடு மெஷ் ஆக்க முடியாது. ஆக்சஸ் பாயிண்ட் முறையில் வைத்தால் எதோடும் எது சேரும், ஆனால் அமைப்பை இரண்டு இடத்தில் பராமரிக்க வேண்டும்.

மார்ச் 7, காலை 8.00
செம்புக்கம்பி

சேனல் (வைஃபை பேசும் அலைத் தடம்) பற்றி விட்டுவிட்டேன். புளோக்கில் மேலே கீழே எதிரே என்று நாற்பது வைஃபை தெரியும். 2.4-இல் 1, 6, 11 மூன்றில் ஒன்று, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். 3, 4 என்று நடுவில் போட்டால் இரண்டு பக்கத்து நெரிசலும் உங்களுக்கு. 40 அகலம் வேண்டாம்.

5-இல் 80 அகலம் போதும். கூடத்துப் பெட்டிக்கு 36 முதல் 48, அறைப் பெட்டிக்கு 149 முதல் 161. இரண்டும் ராடாருக்கு வைஃபை வழிவிட வேண்டும் என்ற விதிக்கு உட்படாதவை. 52 முதல் 64 வரை பயன்படுத்தினால் ரூட்டர் தொடங்கும்போது ஒரு நிமிடம் ராடார் உண்டா என்று கேட்கும், ராடார் போல எதுவும் பட்டால் அந்த இடத்தை விட்டு 30 நிமிடம் விலகிப் போகும். 160 அகலம் போட்டால் 36 முதல் 64 வரை பிடிப்பதால் இதில் மாட்டிக்கொள்வீர்கள். 'சில நேரம் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரே காணாமல் போகிறது' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதை.

மார்ச் 7, இரவு 7.20
யீஷூன் அக்கா

6 கிகாஹெர்ட்ஸையும் சொல்லிவிடலாம், கடையில் அதைக் காட்டித்தான் விற்கிறார்கள். சிங்கப்பூரில் வைஃபைக்குத் திறந்திருப்பது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ், மொத்தம் 500. அதில் 160 அகலத்தில் மூன்று சேனல், 320 அகலத்தில் ஒன்றுதான் அடங்கும். பெட்டியில் பெரிய எண் அச்சிட்டிருந்தாலும் இங்கே கிடைப்பது இவ்வளவுதான். சுவரைத் தாண்டுவதில் 5-ஐவிடவும் மெலிந்தது. அதே அறையில் உட்கார்ந்து பெரிய கோப்பு இறக்குபவருக்கு நல்லது, அடுத்த அறைக்கு எட்டவில்லை என்பவருக்கு மருந்தல்ல. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ரூட்டரில் ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குங்கள், அந்நாட்டு அலைவரிசை இங்கே அனுமதியில்லாததாக இருக்கலாம்.

மார்ச் 8, காலை 11.30
தோபாயோ மாமா

சுவரில் பாயிண்ட் எதுவும் இல்லாத பழைய மூவறை வீட்டுக்கு என்ன வழி? பவர்லைன் அடாப்டர் (வீட்டு மின்கம்பி வழியே இணையம் கடத்துவது) வேண்டாம் என்று பலர் சொல்கிறார்கள்.

மார்ச் 8, மதியம் 12.40
செம்புக்கம்பி

பவர்லைனை நம்பாதீர்கள் மாமா. பெட்டியில் 1000 என்று இருக்கும், கைக்கு 100 வந்தால் நல்லது.

மார்ச் 8, மதியம் 2.15
யீஷூன் அக்கா

அப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். மூவறை வீட்டில் ஒரே மின்பெட்டி, கம்பி தூரமும் குறைவு. 100 வந்தால் டிவிக்கும் பேரன் வகுப்புக்கும் தாராளம். இரண்டு அடாப்டரையும் நேராகச் சுவர் பிளக்கில் சொருகுங்கள் மாமா. நீட்டிப்புப் பலகையில், அதிலும் மின்னெழுச்சித் தடுப்பு உள்ளதில் சொருகினால் அது சிக்னலையே வடிகட்டிவிடும். கைப்பேசி சார்ஜர் பக்கத்திலிருந்தாலும் இரைச்சல் ஏறும். திருப்பித் தரும் உறுதியோடு வாங்கிச் சோதியுங்கள், வீட்டுக்கு வீடு மாறும்.

நல்ல வழி வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியாத ஃபைபர். 0.9 மில்லிமீட்டர் ஒளி ஊடுருவும் இழை, சுவர் அடிப்பட்டையோடு ஒட்டினால் ஓரடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரியாது. இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரையும் நெட்வொர்க் கம்பியையும் இணைக்கும் பெட்டி) வேண்டும், ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்: ஒற்றை இழையில் ஒன்று 1310 நானோமீட்டரில் அனுப்பி 1550-இல் கேட்கும், மற்றது தலைகீழ். இரண்டும் ஒரே வகையாக வாங்கினால் இரண்டும் பேசும், இரண்டும் கேட்காது. மூலையில் மடக்கும்போது 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளைவைவிடச் சுருக்காதீர்கள். வளைவு தாங்கும் ஜி.657.ஏ2 இழைக்குக்கூட 7.5 மில்லிமீட்டர் ஆரம்தான் எல்லை.

மார்ச் 8, மாலை 4.05
செம்புக்கம்பி

ஒப்புக்கொள்கிறேன், மாமாவுக்குச் சொன்னது அவசரம். என் மனத்தில் ஐந்தறை வீடு இருந்தது. இன்னொன்று சேர்க்கிறேன். கேபிள் டிவிக்குப் போட்ட கோஆக்சியல் கம்பி அறைக்கு அறை இருந்தால் மோகா அடாப்டர் (அந்தக் கம்பியிலேயே இணையம் கடத்துவது) ஜோடி ஓடும், பவர்லைனைவிடப் பல மடங்கு வேகம். மூன்று விஷயம் மட்டும் கவனம். அந்தக் கம்பியை அறைகளுக்குப் பிரிக்கும் பழைய பிரிப்பானில் 1000 மெகாஹெர்ட்ஸ் வரை என்று எழுதியிருக்கும், மோகா வேலை செய்வது 1125-க்கு மேலே, எனவே பிரிப்பானை மாற்ற வேண்டும். அந்தக் கம்பி புளோக்கின் பொது ஆன்டெனாவோடு சேர்ந்திருந்தால் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் மோகா வடிகட்டி போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் சிக்னல் பக்கத்து வீட்டுக்குக் கசியும். பொதுக் கம்பியில் கை வைக்காதீர்கள்.

மார்ச் 10, இரவு 10.10
பொங்கோல்வாசி

அறைப் பெட்டி வந்துவிட்டது. கம்பியில் இணைத்தேன். மாஸ்டர் பெட்ரூம் -44, வேகம் 610. ஆனால் கூடத்திலிருந்து அறைக்கு நடந்தால் கைப்பேசி கூடத்துப் பெட்டியையே பிடித்துக்கொண்டு -75-இல் தொங்குகிறது. வைஃபையை அணைத்துப் போட்டால்தான் மாறுகிறது.

மார்ச் 10, இரவு 10.45
செம்புக்கம்பி

எந்தப் பெட்டிக்கு மாறுவது என்பதைக் கைப்பேசிதான் முடிவு செய்யும், ரூட்டர் அல்ல. பழைய சிக்னல் மோசமாகும்வரை பெரும்பாலான கைப்பேசிகள் புதியதைத் தேடாது. கூடத்துப் பெட்டியின் சத்தத்தைக் குறையுங்கள். அமைப்பில் அனுப்பு சக்தி உயர்வு, நடுத்தரம், தாழ்வு என்றிருக்கும். 5-ஐ நடுத்தரத்துக்கும் 2.4-ஐத் தாழ்வுக்கும் கொண்டுவாருங்கள். இரண்டு பெட்டியிலும் பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு வகையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பெட்டி மாறக் கைப்பேசிக்கு உதவும் 802.11கே, வி இரண்டையும் அமைப்பில் இயக்குங்கள். 802.11ஆர்-ஐக் கடைசியாக இயக்குங்கள், பழைய அச்சுப்பொறியும் கதவு மணியும் அதைக் கண்டால் இணைய மறுக்கும்.

மார்ச் 11, காலை 7.30
செம்புக்கம்பி

நேற்று 2.4-ஐத் தாழ்வு என்றேன். சமையலறையில் வைஃபை விளக்கோ, வாசல் கேமராவோ இருந்தால் அவை 2.4-இல் மட்டும் பேசும். தாழ்வில் வைத்தபின் அவற்றின் எண்ணைச் செயலியில் பாருங்கள். -70-க்குக் கீழே போயிருந்தால் கூடத்துப் பெட்டியில் 2.4-ஐ நடுத்தரத்துக்கு ஏற்றி, அறைப் பெட்டியில் 2.4-ஐ அணைத்துவிடுங்கள்.

மார்ச் 11, இரவு 9.00
பொங்கோல்வாசி

வாசல் கேமரா -73-க்கு இறங்கியிருந்தது, ஏற்றிவிட்டேன், இப்போது -64. நடக்கும்போது கைப்பேசி நடைவழி நடுவிலேயே மாறுகிறது, அழைப்பு அறுபடவில்லை. ஷெல்டரில் ஓஎன்டியும் சுவிட்சும் மட்டும்தான் இருக்கின்றன. கதவைச் சாத்திப் பார்த்தேன், எண்கள் அப்படியே நிற்கின்றன.

மார்ச் 11, இரவு 9.25
யீஷூன் அக்கா

கதவை நாள் முழுக்கச் சாத்தி வைக்காதீர்கள் தம்பி. காற்றோட்டம் இல்லாமல் ஓஎன்டி கொதிக்கும். சுவிட்சை அதன் மேல் அடுக்காமல் பக்கத்தில் வையுங்கள்.